எந்த ஆங்கிலச் சொற்களைப் பாடமாக்குவது?

கல்லடிக்கும் காத்தான்குடிக்கும் நடுவே, மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நாவற்குடாவில் உயர்தரம் வரை தமிழில் படித்த ஒரு பிள்ளை, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துக்குப் போனதும் ஆங்கிலப் புத்தகத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. இந்தப் பயத்திலேதான் பலர் கொப்பியில் ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் தமிழ்க் கருத்து என்று நூற்றுக்கணக்கில் எழுதிப் பாடமாக்குகிறார்கள். உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால், வாய்க்குள் நுழையாத சொல்தான் உயர்ந்த ஆங்கிலம் என்ற நினைப்பு அந்த உழைப்பைப் பாழாக்கிவிடுகிறது.

வங்காளத்தில் ஆங்கிலம் கற்பித்த மைக்கேல் வெஸ்ட் 1953 இல் வெளியிட்ட பட்டியலில் இருந்தவை ஏறக்குறைய 2,000 அடிப்படைச் சொற்கள். பல்கலைக்கழக நூல்களில்கூட முக்கால் பங்குக்கு மேல் இவைதான். நியூசிலாந்தின் அவெரில் காக்ஸ்ஹெட் கலை, வணிகம், சட்டம், விஞ்ஞானம் ஆகிய துறைகளின் நூல்களை ஆராய்ந்து, எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்களை 2000 ஆம் ஆண்டில் தொகுத்தார். அனலைஸ், அனலிசிஸ், அனலிற்றிக்கல் மூன்றும் ஒரே குடும்பம். கல்விசார் எழுத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இந்தச் சொற்களே. வாயாடி என்ற பொருள் தரும் ‘லொக்வேஷியஸ்’ தாவரவியல் நூலில் ஒருமுறைகூட வராமல் போகலாம். ‘சிக்னிஃபிகன்ற்’ வராத அத்தியாயம் அபூர்வம்.

சொல்லைத் தெரிந்தெடுத்தால் மட்டும் போதாது. ‘இஷ்யூ’ என்ற சொல்லுக்குக் கொப்பியில் ‘பிரச்சினை’ என்று எழுதிவைத்தவர், சஞ்சிகையின் இதழையும் அடையாள அட்டை வழங்குவதையும் அதே சொல் குறிக்கும்போது தடுமாறுவார். ஆகவே சொல்லை அது வந்த வசனத்தோடு எழுதுவதும், மறுநாள், அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று இடைவெளி விட்டு மீட்டிப் பார்ப்பதும் அவசியம். ஒரே இரவில் படித்தது விரைவில் மறந்துபோகும் என்பதை ஜேர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885 இலேயே சோதித்துக் காட்டினார்.

ஐ.ஈ.எல்.ரி.எஸ் பரீட்சையில் அரிய சொல்லுக்குப் புள்ளி உண்டே என்பார்கள். உண்டு, பொருத்தமாகக் கையாண்டால்தான். பட்டப்பின் படிப்புக்கான ஜி.ஆர்.ஈ பரீட்சை எழுதுபவருக்கு அரிய சொற்கள் உண்மையிலேயே தேவை, ஆனால் அவர்கள் சிலர். வாசித்தால் சொற்கள் தாமாக வரும் என்பதும் பாதி உண்மையே. பொதுவான நூல்களைத் துணையின்றி வாசிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்பது சொற்கல்வி ஆய்வாளர் போல் நேஷனின் 2006 ஆம் ஆண்டுக் கணிப்பு. அந்த எல்லையை எட்டும்வரை பட்டியலும் வாசிப்பும் சேர்ந்தே நடக்க வேண்டும். தமிழ்க் கருத்தே எழுதக்கூடாது என்ற கண்டிப்பும் வேண்டியதில்லை. மட்டக்களப்பில் ஆங்கிலக் கல்வி பெற்று, 1936 இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்தருக்கு இரு மொழியும் ஒன்றுக்கொன்று துணையாகவே இருந்தன. வாரத்துக்குப் பத்துக் குடும்பம் என்றால் 570 ஐயும் 57 வாரங்களில் முடிக்கலாம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் காலத்தை அதற்குப் பயன்படுத்தலாம்.