புருவமும் பேச வேண்டும்

2000-ஆம் ஆண்டு வாக்கில் பிரிட்டனின் அஞ்சலகங்களில் ஒரு புதுமையைச் சோதித்துப் பார்த்தார்கள். கவுன்ட்டரில் இருப்பவர் மைக்கில் பேசுவார். அதையே பிரிட்டிஷ் சைகை மொழியில், ‘டெஸ்ஸா’ என்ற கணினிப் பாத்திரம் திரையில் கைகளால் சொல்லிக் காட்டும். ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழக ஆய்வாளர்களின் பங்கோடு உருவானது அது.

எழுதிக் காட்டினால் போதாதா? போதாது. பிறவியிலேயே காது கேளாத பலருக்குச் சைகைதான் முதல் மொழி. ஆங்கிலம் பிறகு படித்துக்கொண்டது. இரண்டின் இலக்கணமும் வேறு.

டெஸ்ஸாவின் அசைவுகள் கையால் வரையப்பட்டவை அல்ல. சைகை மொழி அறிந்த ஒருவரின் உடலிலிருந்து எடுத்தவை. விரல் மூட்டுகள் எவ்வளவு மடங்குகின்றன என்று அளக்கக் கையுறை. கையும் தலையும் எங்கே இருக்கின்றன என்று அறியக் காந்த உணரிகள். தலைக்கவசத்தில் பொருத்திய சிறிய கேமரா, முகத்தில் ஒட்டிய, ஒளியைப் பிரதிபலிக்கும் புள்ளிகளைக் கண்காணிக்கும். இந்தத் தகவல்களையெல்லாம் கோத்தால் பாத்திரம் அசையும்.

சண்டைக் காட்சிக்கு இப்படி அசைவைப் பதிவுசெய்பவர்கள் (மோஷன் கேப்சர்) விரல்களை மேலோட்டமாக விட்டுவிட்டாலும் பாதகமில்லை. சைகை மொழியில் ஒரு விரல் மாறினால் சொல்லே மாறிவிடும். முகமும் அப்படித்தான். பல சைகை மொழிகளில் புருவத்தை உயர்த்தினால் ‘ஆமாவா, இல்லையா’ என்ற கேள்வி. சுருக்கினால் ‘யார், எங்கே’ என்ற கேள்வி. கை சரியாக அசைந்தும் புருவம் சும்மா இருந்தால், கேள்வி வெறும் செய்தியாகிவிடும்.

ஒருவரின் அசைவை வேறொரு உடலுக்கு மாற்றுவதில் இன்னொரு தலைவலி. நடித்தவரின் விரல் மோவாயைத் தொட்டிருக்கும். அதே கோணங்களைப் பெரிய தலையுள்ள கார்ட்டூன் பாத்திரத்துக்குக் கொடுத்தால், விரல் கன்னத்துக்குள் புகுந்துவிடும். எந்த இடத்தில் தொடுகிறோம் என்பதும் சொல்லின் ஒரு பகுதி. ஆகவே தொடுமிடங்களை ஒவ்வொன்றாகத் திருத்தியாக வேண்டும்.

தனித்தனியாகப் பதிந்த சைகைகளை ஒட்டுவதும் எளிதல்ல. ரயில் நிலைய அறிவிப்பில் வண்டி எண்ணும் நடைமேடை எண்ணும் துண்டு துண்டாகக் காதில் விழுமே, அதுபோல இது கண்ணை உறுத்தும். இயல்பான பேச்சில் ஒரு சைகை முடியும்போதே கை அடுத்ததற்குத் தயாராகிவிடுகிறது.

அமெரிக்காவின் காலடெட் பல்கலைக்கழகத்தில் உள்ள மோஷன் லைட் லேப், காது கேளாத குழந்தைகளுக்காக இந்த நுட்பத்தைக் கையாள்கிறது. அதை நிறுவிய மெலிசா மால்ஸ்குன் காது கேளாதவர். மொழிக்கு உரியவர்களே கருவியைக் கையில் எடுத்ததுதான் அங்கே முக்கியம்.

உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பு 2018-இல் தன் நிலைப்பாட்டைச் சொல்லிவிட்டது. ரயில் நிலையம், ஹோட்டல் போன்ற இடங்களில் முன்கூட்டியே பதிந்துவைக்கக்கூடிய, மாறாத தகவல்களுக்குக் கணினிப் பாத்திரம் இருக்கலாம். நேருக்கு நேர் உரையாடலுக்கு மனித மொழிபெயர்ப்பாளரே வேண்டும்.