கப்பல் பெரிது, ஆறு அதைவிடப் பெரிது!
ஹூக்ளியில் வழிகாட்டும் பைலட்டுகள்

பல கடல்களைக் கடந்து வந்த கப்பல். காப்டனோ பழம் தின்று கொட்டை போட்டவர். ஆனாலும் கொல்கத்தா துறைமுகத்துக்குப் போகவேண்டுமானால், ஹூக்ளி ஆற்றின் வழி தெரிந்த ஒருவருக்காக அவர் காத்திருந்தே ஆகவேண்டும்.

அவர்தான் பைலட். விமானம் ஓட்டுகிறவர் அல்ல, துறைமுகத்தின் வழிகாட்டி.

பல துறைமுகங்களில் பைலட்டின் வேலை ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். கொல்கத்தா அப்படியல்ல. கடலிலிருந்து நகரம் வரை சுமார் 220 கிலோமீட்டர். ஹால்தியாவுக்கே சுமார் 120 கிலோமீட்டர். நம் நாட்டில் பைலட்டுக்கு இவ்வளவு நீண்ட பாதை வேறு எங்கும் இல்லை.

இடம் மாறும் மணல்

ரயில் எஞ்சின் டிரைவரும் புதிய பாதையில் வண்டி ஓட்டுமுன் அந்தப் பாதையைக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் தண்டவாளம் போட்ட இடத்திலேயே கிடக்கும். ஹூக்ளியின் மணல்திட்டுகள் கிடப்பதில்லை. வெள்ளம் வந்தால் நகரும். பழைய வழி தூர்ந்து புது வழி திறக்கும். ஆகவே ஆழத்தை ஓயாமல் அளக்கிறார்கள். வண்டலைத் தள்ள கங்கை நீரைத் திருப்பிவிடும் பராக்கா அணை 1975-ல் இயங்கத் தொடங்கியது. அதற்குப் பிறகும் தூர் வாரும் வேலை நின்றபாடில்லை.

மேடான இடங்களைக் கடல் ஏற்றத்தின் போதுதான் கடக்க முடியும். நேரம் தப்பினால் கப்பல் தரைதட்டும். தண்ணீர் வடிந்ததும் நடுப்பகுதி மணலில் ஊன்றி, முன்னும் பின்னும் ஆதாரமின்றித் தொங்கினால், கப்பலின் முதுகே முறியலாம். தாமோதர், ரூப்நாராயண் ஆறுகள் கலக்கும் பகுதியில் உள்ள திட்டுக்கு ‘ஜேம்ஸ் அண்ட் மேரி’ என்று பெயர். 1694-ல் அங்கே கவிழ்ந்த கப்பலின் பெயர் அது!

நூலேணியில் உயிர்

பைலட் கப்பலில் ஏறுவதே ஒரு கண்டம். கப்பல் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். பக்கத்தில் லாஞ்ச் அலையில் ஏறி இறங்கும். தொங்கும் நூலேணியைச் சரியான நொடியில் எட்டிப் பிடிக்க வேண்டும். பிடி தவறினால் இரண்டுக்கும் நடுவே விழ நேரிடும். உலகின் பல துறைமுகங்களில் பைலட்டுகள் இப்படி உயிர் இழந்திருக்கிறார்கள்.

மேலே போனதும் எந்தப் பக்கம் திருப்புவது, எவ்வளவு வேகம் என்று அவர் சொல்லச் சொல்லக் கப்பல் நகரும். ஆனாலும் கப்பலின் தலைவர் காப்டன்தான். அந்தப் பொறுப்பு அவரை விட்டுப் போவதில்லை.

கப்பல் கரை சேர்ந்ததும் பைலட் இறங்கிப் போய்விடுவார். விபத்து நடந்தால்தான் இவர்களைப் பற்றிப் பத்திரிகையில் செய்தி வரும். ஒழுங்காக வந்து சேர்ந்த கப்பல்களுக்குச் செய்தி ஏது?