ஒரே தொட்டியில் ஒத்து வாழும் மீன்கள்

நீண்ட நாள் சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பும் நோயாளர்களின் குடும்பத்தார், மருந்து, உணவு, அடுத்த பரிசோதனை நாள் ஆகியவற்றையெல்லாம் கேட்டறிந்த பின்னர், புறப்படும் நேரத்தில் சற்றுத் தயக்கத்துடன் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, “வீட்டில் ஒரு சிறிய மீன்தொட்டி வைக்கலாமா?” என்பதாகும். வாரக்கணக்கில் படுக்கையிலோ நாற்காலியிலோ இருக்கப்போகும் ஒருவருக்குத் தொலைக்காட்சியைத் தவிர வேறு ஏதேனும் காட்சி வேண்டும் என்று அவர்கள் எண்ணுவது இயல்பே. பெரும்பாலோருக்கு நாங்கள் தரும் விடை ‘வைக்கலாம்’ என்பதுதான். ஆயினும் இரண்டு செய்திகளை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். எந்த மீனுடன் எந்த மீன் சேர்ந்து வாழும் என்பது ஒன்று. அந்த நீரில் யாருடைய கை படலாம், யாருடைய கை படலாகாது என்பது மற்றொன்று.

மீன்களைப் பார்த்திருப்பதால் பயன் உண்டா என்று ஐயுறுவோர்க்கு ஒரு சான்று கூறலாம். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மறதிநோயாளர் தங்கும் இல்லங்களின் உணவுக்கூடங்களில் மீன்தொட்டிகளை வைத்துப் பார்த்தனர். முன்னைவிட நோயாளர்கள் கூடுதலாக உணவு உட்கொண்டனர் என்று 2002ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வு கூறுகிறது. மீன்தொட்டி மருந்தாகாது. ஆனால் மனம் அமைதியுற அது துணை செய்யும். அமைதி தர வேண்டுமாயின் தொட்டிக்குள்ளும் அமைதி நிலவ வேண்டும். ஒரு மீன் மற்றொன்றை ஓயாமல் விரட்டுவதையும், வால் கிழிந்த மீன் மூலையில் ஒதுங்கி நிற்பதையும் நாள் முழுவதும் பார்த்திருப்பது நலம் தேறும் ஒருவருக்கு உகந்த காட்சியன்று.

சிறிய தொட்டி என்று இங்கே நாம் குறிப்பிடுவது, 2 அடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட சாதாரணக் கண்ணாடித் தொட்டியை. விளிம்புவரை நிரப்பினால் ஏறத்தாழ 56 லிட்டர் கொள்ளும். மணலும் மேல் இடைவெளியும் போக நீர் 45 லிட்டர் அளவில் நிற்கும். இவ்வளவு சிறிய இடத்தில் வலிமை குறைந்த மீன் தப்பி ஓடி மறைய வழி இல்லை. ஆகவேதான் பெரிய தொட்டியைவிடச் சிறிய தொட்டிக்கே துணை மீன்களைத் தேர்வதில் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. உருண்டைக் கண்ணாடிக் குடுவைகளை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. நீரின் அளவும் மேற்பரப்பும் குறைவாக இருப்பதால் அவற்றில் மீன்கள் நெடுநாள் வாழ்வது அரிது.

வண்ணமீன் கடைகளில், சென்னைக் கொளத்தூரிலாயினும் சிற்றூர்ச் சந்தையிலாயினும், எல்லா மீன்களும் விரல் நீளக் குஞ்சுகளாகவே கிடைக்கின்றன. வாங்குபவரின் ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. தங்கமீன் எனப்படும் கோல்டு ஃபிஷ் வளர்ந்தால் வகைக்கேற்ப 15 முதல் 30 சென்டிமீட்டர் வரை நீளும். கழிவும் மிகுதியாக வெளியிடும். வாயில் அடங்கும் சிறு மீனை விழுங்கவும் தயங்காது. குளிர்ந்த நீரை விரும்பும் அதனை வெப்ப நீர் மீன்களுடன் சேர்ப்பது இரு தரப்புக்கும் கேடு. ‘தொட்டியைச் சுத்தம் செய்யும்’ என்று சொல்லி விற்கப்படும் சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளரக்கூடியது. அது தொட்டியைச் சுத்தம் செய்வதைவிட அசுத்தம் செய்வதே மிகுதி. வளர்ந்தபின் ஏரியில் விட்டுவிடலாம் என்று எண்ணுவது பெருந்தவறு. தென்னமெரிக்காவுக்குரிய அம்மீன் இவ்வாறு விடப்பட்டு, நம் நீர்நிலைகளில் பெருகி, நாட்டு மீன்களின் இடத்தையும் உணவையும் பறித்து வருகிறது. ஃபிளவர்ஹார்ன், ஆஸ்கார், அரோவானா ஆகியவற்றைப் பற்றி இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை. இத்தொட்டி அவற்றுக்கு உரிய இடமன்று.

ஏஞ்சல் மீனையும் நியான் டெட்ராவையும் ஒரே பையில் வாங்கிச் செல்வோர் பலர். இரண்டும் தென்னமெரிக்க ஆறுகளைச் சேர்ந்தவை, ஆகவே ஒத்துப்போகும் என்று கடைக்காரரும் கூறுவார். ஆனால் நியான் போன்ற மெல்லிய சிறு மீன்கள் வளர்ந்த ஏஞ்சலுக்கு உணவாகும். சில மாதங்களில் நியான்களின் எண்ணிக்கை ஒவ்வொன்றாகக் குறையும்.

ஃபைட்டர் மீன் என நாம் அழைக்கும் பெட்டாவின் கதை வேறு. நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்க வல்ல உறுப்பு அதற்கு உண்டு. 24 முதல் 30 பாகை செல்சியஸ் வரை வெப்பத்தைத் தாங்கும். ஆதலால் நம் ஊர்த் தட்பவெப்பத்துக்கு ஏற்ற மீன்தான். ஆனால் ஆண் ஃபைட்டர்கள் இரண்டை ஒரே தொட்டியில் விட்டால் ஒன்று மாயும் வரை போர் நடக்கும். நீண்ட வண்ண வாலுடைய ஆண் கப்பியைக் கண்டாலும் தன் இனம் என்று மயங்கித் தாக்குவதுண்டு. மறுபுறம், வரிவரியாக அழகு காட்டும் டைகர் பார்ப், ஃபைட்டரின் நீண்ட துடுப்புகளைக் கடித்துக் கந்தலாக்கிவிடும். டைகர் பார்ப் எட்டுக்கு மேற்பட்ட கூட்டமாக இருக்கும்போது தங்களுக்குள்ளேயே விளையாடி ஓரளவு அடங்கும். இரண்டு மூன்றாக இருந்தால் அண்டை மீன்களே அவற்றின் விளையாட்டுப் பொருள். படுக்கையிலிருப்பவர் பார்ப்பதற்கு ஒரே ஒரு ஃபைட்டர், சில நீர்ச்செடிகள், மெல்லிய ஸ்பான்ஜ் வடிகட்டி என்ற அமைப்பே போதும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. துணை இல்லாமையால் அம்மீன் வருந்துவதில்லை. நமக்குத்தான் அது வருந்துவதாகத் தோன்றுகிறது.

பல மீன்கள் வேண்டும் என்போர் முதலில் தம் வீட்டு நீரை அறிந்துகொள்ள வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினநீராகவே உள்ளது. வாளியிலும் குழாய் முனையிலும் வெண்மையாகப் படிவு காணப்பட்டால் அது கடினநீர் எனக் கொள்ளலாம். கப்பி, பிளாட்டி, மோலி ஆகியவை இந்நீரில் செழிக்கும். நியான் டெட்ராவோ மென்னீரையும் 26 பாகைக்கு மேற்படாத வெப்பத்தையும் விரும்புவது. சிறுவாணி போன்ற மென்னீர் கிடைக்கும் வீடுகளிலும், மலையோர ஊர்களிலும் அதனை நம்பி வளர்க்கலாம். சென்னை, மதுரை, திருச்சி போன்ற இடங்களின் சித்திரை வெயிலில், குளிரூட்டப்படாத அறையில் தொட்டி நீர் 30 பாகையைக் கடக்கும்போது நியான்கள் தளர்ந்துவிடும்.

வெப்பமும் கடினநீரும் உள்ள வீட்டிற்கு ஐந்தாறு ஆண் கப்பிகளும் மூன்று ஆண் பிளாட்டிகளும் போதுமானவை. ஆண் மீன்களை மட்டும் வாங்குமாறு கூறுவதற்குக் காரணம் உண்டு. பெண் கப்பி ஏறத்தாழ 4 வாரத்திற்கு ஒருமுறை இருபது முப்பது குஞ்சுகளை ஈனும். ஒருமுறை ஆணுடன் சேர்ந்த பெண், ஆணே இல்லாத தொட்டியிலும் பல மாதங்களுக்குத் தொடர்ந்து குஞ்சு ஈன வல்லது. அக்குஞ்சுகளையும் சேர்த்துக் காக்கும் சுமை, ஏற்கெனவே ஒரு நோயாளரைக் காத்துவரும் அன்னையின்மீதோ மனைவியின்மீதோ விழும்.

மென்னீரும் மிதமான வெப்பமும் உள்ள வீட்டில், மேல்தட்டில் ஒரு தேன் கௌராமி, நடுவில் எட்டு நியான் டெட்ரா, அடியில் ஐந்து சிறிய கோரிடோராஸ் என அமைக்கலாம். நீரின் மேல், நடு, அடி என்று அவை இடத்தைப் பங்கிட்டுக்கொள்வதால் மோதல் எழாது. கோரிடோராஸ் தன் மீசையால் மண்ணைத் துழாவி உண்பதால் கூரிய கற்கள் வேண்டா, மென்மணலே வேண்டும். நியானுக்குப் பதிலாக இலங்கையின் ஓடைகளுக்கே உரிய செர்ரி பார்ப் ஆறினை விடலாம். பார்ப் இனமாயினும் இது சாதுவானது. சீப்ரா மீனும் நல்ல தேர்வே, எனினும் அது ஓயாது விரைந்து நீந்தும். அமைதியாக மிதக்கும் மீன்களுடன் சேர்த்தால் அவை உணவுக்குப் பின்தங்கும். இதய நோயாளர்களுக்கு ஓர் இடைக்குறிப்பு: சீப்ரா மீனின் இதயத்தில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டி நீக்கினாலும் அப்பகுதி மீண்டும் வளர்ந்துவிடுகிறது என்று 2002இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். மனித இதயத்திற்கு அத்திறன் ஏன் இல்லை என்ற ஆய்வு அந்தச் சிறு மீனை முன்வைத்து இன்றும் நடந்து வருகிறது.

எந்த மீனாயினும் எல்லாவற்றையும் ஒரே நாளில் விடலாகாது. மீன்கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பின்பு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் மீன்களை நிரப்பினால் அவை ஒன்றுக்கொன்று பகையாவதற்கு முன்பே நஞ்சால் மடியும். குழாய் நீரிலுள்ள குளோரினை நீக்கும் மருந்துத்துளிகள் கடைகளில் கிடைக்கின்றன. வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றினால் போதும். முழுவதையும் கொட்டிக் கழுவுவது அந்நுண்ணுயிர்களை அழித்துவிடும்.

யார் கை வைக்கலாம்?

கண்ணாடிக்கு வெளியே இருந்து பார்ப்பதற்கு எவருக்கும் தடையில்லை. கை வைப்பதில்தான் வேறுபாடு. மீன்தொட்டி நீரில் மைக்கோபாக்டீரியம் மரைனம் என்னும் கிருமி இருக்கக்கூடும். காசநோய்க் கிருமியின் உறவினம் இது. கையிலுள்ள சிறு கீறல் வழியே நுழைந்து, சில வாரங்களுக்குப் பின் விரலிலோ புறங்கையிலோ வலி குறைந்த சிவந்த கட்டியாகத் தோன்றும். சில வேளைகளில் கட்டிகள் கையின் மேற்புறமாக வரிசையாகப் பரவும். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. மருந்துகளால் குணமாகும், ஆனால் சிகிச்சை மாதக்கணக்கில் நீளலாம். இக்கிருமி உடலின் வெப்பத்தைவிடக் குறைந்த வெப்பத்தில், 30 பாகை அளவில், நன்கு வளர்வது. ஆய்வகத்தில் அதற்கென வெப்பநிலையைக் குறைத்து வைத்தாலன்றி எளிதில் வெளிப்படாது. ஆகவே ஆறாத கட்டியைக் காட்ட வரும்போது “வீட்டில் மீன்தொட்டி உள்ளது” என்ற ஒரு வாக்கியத்தை மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள். அவர் கேட்கவில்லையாயினும் கூறுங்கள்.

புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவர்கள், உறுப்பு மாற்றம் பெற்றவர்கள், ஸ்டீராய்டு முதலிய நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்பவர்கள் தொட்டியைக் கழுவும் பணியை வேறொருவரிடம் விட்டுவிட வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்வோர் ஃபிஸ்டுலா உள்ள கையால் நீர் வாளியைத் தூக்கலாகாது, அக்கையில் கீறல் படவும் விடலாகாது. வயிற்றிலோ நெஞ்சிலோ அறுவை நடந்தவர்கள், மருத்துவர் குறித்த காலம் வரை பளுத் தூக்க வேண்டா. ஒரு வாளி நீர் 15 கிலோவுக்குக் குறையாது. நீரை மாற்றுபவர் குழாயை வாயால் உறிஞ்சி ஓட விடும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். அதற்கெனக் கைப்பம்பு கிடைக்கிறது. கழிவு நீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாமல் செடிகளுக்கு ஊற்றலாம். பணி முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். நீரில் கை விடுமுன் மின்இணைப்பைத் துண்டிப்பதும் மறக்கலாகாது.

மீன்களுக்குத் துணையாகக் குட்டி ஆமையை வாங்கி விடுவோர் உளர். நோயாளர் உள்ள வீட்டில் அது கூடவே கூடாது. ஆமைகள் சால்மோனெல்லா கிருமியைத் தம் உடலில் நோயின்றிச் சுமப்பவை. குழந்தைகளுக்கு அதனால் தொற்று ஏற்படுவது கண்டு, 4 அங்குலத்திற்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையை அமெரிக்கா 1975இலேயே தடை செய்தது. மேலும் ஆமை மீனையும் தின்னும்.

மீன் சோர்ந்திருந்தால், நோயாளர் உண்டு மீந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரையைப் பொடித்து நீரில் தூவுவோரும் உளர். அது வடிகட்டியிலுள்ள நல்ல நுண்ணுயிர்களைக் கொன்று, மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கும். அந்நீரில்தான் உங்கள் கையும் படும்.

குடும்பத்தார் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டிய ஒன்று, மீன்களின் ஆயுள். கப்பி ஏறக்குறைய ஈராண்டு வாழும். ஃபைட்டர் இரண்டு முதல் நான்கு ஆண்டு. கடையில் வாங்கும்போதே அவை சில மாத வயதுடையவை. தொட்டியில் ஒரு மீன் இறந்து மிதப்பதைத் தன் நோய்க்கான குறியாக எடுத்துக்கொள்ளும் நோயாளர்கள் உண்டு. குழந்தைகள் வாய்விட்டுக் கேட்பார்கள், பெரியவர்கள் கேட்பதில்லை. மறைத்துவிட்டு அதே நிறத்தில் வேறொன்றை வாங்கி விடுவதைவிட, இம்மீனின் ஆயுள் இவ்வளவே என்று வாங்கும் நாளிலேயே சொல்லிவைப்பது நல்லது. எளிதில் மடியும் மீன்களைத் தவிர்த்து, நம் நீருக்கும் வெப்பத்துக்கும் ஒத்தவற்றையே தேருமாறு இத்தனை முறை வலியுறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இடையில் மீண்டும் மருத்துவமனையில் தங்க நேரிட்டால் மீன்களைக் குறித்துக் கவலை வேண்டா. நலமாக உள்ள வளர்ந்த மீன்கள் மூன்று நான்கு நாள் உணவின்றி இருக்கும். அதற்கு மேற்பட்டால், உணவு டப்பாவை அண்டை வீட்டாரிடம் அப்படியே தராமல், ஒரு நாளுக்கு ஒரு சிட்டிகை வீதம் தாளில் மடித்து, நாள் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அன்பு மிகுதியால் அள்ளிப் போடப்படும் உணவே நீரைக் கெடுத்து மீன்களைக் கொல்கிறது.