வசம்பா, ஐரிஸா?

பூந்தமல்லியை அடுத்த பாரிவாக்கத்தில் நம் நண்பர் ஒருவர் வீட்டுக் கொல்லையில் சிறு தோட்டம் வைத்திருக்கிறார். யாரோ கொடுத்த கிழங்கு ஒன்று அங்கே முளைத்து, முழ உயரத்திற்குக் கத்தி போன்ற இலைகளை விசிறியாக விரித்து நிற்கிறது. “குட்டை ஐரிஸ்” என்பது நண்பரின் கட்சி. “வசம்பு” என்பது அவருடைய தாயாரின் தீர்ப்பு.

வேடிக்கை என்று இதைத் தள்ளிவிடுவதற்கில்லை. வசம்பைச் சுட்டு உரைத்துக் குழந்தைக்குப் புகட்டும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் உண்டு. ஐரிஸ் குடும்பத்துக் கிழங்குகளில் பலவோ வாந்தியும் பேதியும் உண்டாக்குபவை. (மெய்யான வசம்பிலும் அஸரோன் என்ற சத்து இருப்பதால், அமெரிக்க அரசாங்கம் 1968-ல் அதை உணவில் சேர்க்கலாகாதென்று தடுத்தது. தாய்மார்கள் வைத்தியரைக் கேட்பதே உத்தமம்.)

முதற் பரீட்சை மூக்குக்கு. வசம்பு இலையைக் கசக்கினால் கம்மென்று மணக்கும். இந்த இலையில் வெறும் பச்சை வாடைதான். மேலும் வசம்பு சேற்றை விரும்புவது. அதன் பூ, விரல்போல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கதிர். இங்கே காலையில் மஞ்சள் மலர் ஒன்று விரிந்தது. அன்றைக்கே வாடியும் விட்டது. ஆகவே தாயாரின் வழக்கு தள்ளுபடி.

அடுத்த பரீட்சை கண்ணுக்கு. லில்லிப் பூவில் மகரந்தக் கேசரங்கள் ஆறு. ஐரிஸ் குடும்பத்தில் மூன்றே. இதில் மூன்று. சூற்பையும் இதழ்களுக்குக் கீழே இருந்தது. குடும்பம் ஐரிஸ்தான், சந்தேகமில்லை. ஆனால் மெய்யான ஐரிஸில் சூல்முடியின் மூன்று கிளைகளும் இதழ்களைப்போலவே அகன்று கேசரங்களை மூடிக்கொண்டிருக்கும். இதில் அப்படி இல்லை. வெளி இதழ்கள் மூன்றும் பெரியவை. உள்ளிதழ்கள் சிறுத்துச் சுருண்டு, பழுப்புக் கோடுகள் பூண்டவை. இவ்வடையாளங்களெல்லாம் ட்ரைமீஸியா மார்ட்டினிசென்ஸிஸ் என்னும் செடிக்கே பொருந்துகின்றன. அமெரிக்காவின் வெப்பப் பிரதேசங்களிலிருந்து வந்த விருந்தாளி அது. குளிர்காலத்தில் உறங்கி எழ வேண்டிய குட்டை ஐரிஸுக்குப் பாரிவாக்கத்து வெயில் எங்கே ஒத்துக்கொள்ளப் போகிறது!

நண்பர் வெட்கப்பட வேண்டியதில்லை. செந்நிறப் புள்ளிகளுடன் ஆரஞ்சு நிறப் பூ பூத்து, கருந்திராட்சைபோல் விதைகளைக் காட்டும் ஓர் அழகிய செடி உண்டு. நம் சமவெளித் தோட்டங்களிலும் வளர்கிறது. தாவர வகைப்பாட்டு சாஸ்திரத்தின் தந்தையான லின்னேயஸே 1753-ல் அதை ஆர்க்கிட் என்றெண்ணி ஒரு பெயரும், இக்ஸியா என்று கொண்டு மற்றொரு பெயரும் சூட்டினார். பின்னர் மலையாளப் பெயரை ஒட்டி அது பெலம்கந்தா ஆயிற்று. மரபணுக்களை ஆராய்ந்த பிறகு, 2005-ல் அறிஞர்கள் அதை ஐரிஸ் இனத்திலேயே சேர்த்து ஐரிஸ் டொமெஸ்டிகா என்றனர். இருநூற்றைம்பது வருஷ விவகாரம்!

இனம் தெரியாத செடி பூத்தால், பூ வாடுமுன் கேசரங்களை எண்ணி எழுதிவையுங்கள். பூ, இலை, கிழங்கு மூன்றையும் செய்தித்தாளுக்கிடையில் வைத்து அழுத்தி உலர்த்துங்கள். மயூரநாதன் 1929-ல் வெளியிட்ட சென்னைப் பூச்செடிகளைப் பற்றிய நூல் கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கல்லூரித் தாவரவியல் ஆசிரியரிடம் காட்டலாம். 1853-ல் தொடங்கி, இப்போது கோயமுத்தூரில் இருக்கும் மதராஸ் ஹெர்பேரியமும் இப்படி உலர்த்தி வைத்த செடிகளால் நிறைந்ததே. பெயர் நிச்சயமாகும் வரை கிழங்கு தோட்டத்திலேயே இருக்கட்டும். உரைகல் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.