உங்களுக்குத் தெரியுமா? தோட்ட ரயிலுக்குச் சரக்கு எங்கே கிடைக்கும்?

மேசைமேல் ஓடினால் அது பொம்மை ரயில். செடிகளுக்கும் கற்களுக்கும் நடுவே, வெயிலிலும் மழையிலும் ஓடினால் அது தோட்ட ரயில். ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் இந்தப் பொழுதுபோக்குக்கென்றே தொழிற்சாலைகளும் சங்கங்களும் உண்டு. ஆனாலும் தேவையான சாமான்களில் ஒரு பகுதிதான் ரயில் கடையில் கிடைக்கும். மீதிக்கு நர்சரி, ஹார்டுவேர் கடை, கோழித்தீவனக் கடை என்று ஏறி இறங்க வேண்டும். எது எங்கே கிடைக்கும், எதைப் பார்த்து வாங்க வேண்டும்? இதோ, துணுக்குகளாக.

முதலில் அளவு

● தோட்ட ரயில்களில் பெரும்பாலானவை 45 மி.மீ. அகலப் பாதையில் ஓடுகின்றன. இந்த அளவுக்கு வயது நூற்று முப்பதுக்கு மேல். ஜெர்மனியின் மேர்க்லின் நிறுவனம் 1891-ல் லைப்சிக் சந்தையில் பொம்மை ரயில் பாதைகளை எண் கொடுத்து வரிசைப்படுத்தியது. அதில் ஒன்றாம் எண் பெற்ற பாதைதான் இன்றைய 45 மி.மீ.

● அந்தப் பாதையைத் தோட்டத்துக்கு இறக்கிப் பரவலாக்கியது லேமன் என்ற நிறுவனம். 1881-ல் பிராண்டன்பர்க் நகரில் தகரப் பொம்மை செய்யத் தொடங்கி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் நியூரம்பர்க்குக்கு இடம் மாறிய நிறுவனம் அது. 1968-ல் நியூரம்பர்க் பொம்மைக் கண்காட்சியில் ‘எல்ஜிபி’ என்ற பெயரில் தன் பெரிய ரயிலை அறிமுகம் செய்தது. முதல் இஞ்சின், ஆஸ்திரியாவின் ஷ்டைன்ஸ் கிளைப்பாதையில் ஓடிய குட்டி நீராவி இஞ்சினின் மாதிரி.

● எல்ஜிபியின் விகிதம் 22.5-க்கு 1. காரணம் எளிய வகுத்தல் கணக்கு. ஆயிரம் மி.மீ. அகலமுள்ள மீட்டர் கேஜை 22.5-ஆல் வகுத்தால் 44.4 வரும், ஏற்கெனவே இருந்த 45 மி.மீ. பாதைக்கு அது கச்சிதம். சுவிட்சர்லாந்தின் ரேட்டியன் ரயில்வே, ஜெர்மனியின் ஹார்ஸ் மலை ரயில் போன்ற மீட்டர் கேஜ் பாதைகளின் மாதிரிகள் இந்த விகிதத்தில் நிறைய வந்தன.

● நம் நீலகிரி மலை ரயிலும் மீட்டர் கேஜ்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை உள்ள ஏறத்தாழ 46 கி.மீ. பாதையை 22.5-ஆல் சுருக்கினாலும் 2 கி.மீ. தண்டவாளம் வேண்டும். அவ்வளவு பெரிய தோட்டம் இல்லாதவர்கள் ஒரு ஸ்டேஷன், ஒரு பாலம் என்று நிறுத்திக்கொள்ளலாம். பல்சக்கர இஞ்சின் ஏறுவதற்கு, ஸ்லீப்பர் கட்டைகளின் நடுவே பொருத்தும் பல்தண்டவாளமும் எல்ஜிபியிடம் உண்டு.

● பாதை ஒன்றாக இருந்தாலும் ரயில்களின் விகிதம் ஒன்றல்ல. அமெரிக்காவின் மூன்றடி அகலப் பாதைக்கு 20.3, உலகெங்கும் உள்ள 1,435 மி.மீ. அகலப் பாதைக்கு 32. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் யுஎஸ்ஏ டிரெய்ன்ஸ் பயன்படுத்துவது 29. அந்தக் கணக்குப்படி 45 மி.மீ. என்பது 1,305 மி.மீ. பாதைக்குத்தான் சமம், நிஜத்தைவிட 13 செ.மீ. குறைவு. தெரிந்தே செய்துகொண்ட சமரசம் இது. பெட்டிகள் பெரிதாக, கம்பீரமாகத் தெரியும். ஆகவே அட்டைப்பெட்டியில் தோட்ட ரயிலுக்குப் பொதுவாகப் போடும் ‘ஜி’ என்ற எழுத்தைப் பார்த்தவுடன் பணத்தை நீட்டாமல், விகிதம் என்ன என்றும் பாருங்கள்.

● பிரிட்டனில் இன்னொரு கட்சி உண்டு. அவர்கள் ஓர் அடியை 16 மி.மீ. ஆகச் சுருக்குகிறார்கள். இரண்டடிப் பாதை 32 மி.மீ. ஆகிவிடும். டார்ஜிலிங் மலை ரயில் இந்த இரண்டடி வகை. இந்த அளவுக்கான தண்டவாளத்தை இங்கிலாந்தின் டெவன் பகுதியில், பீர் என்ற கடலோர ஊரில் இருக்கும் பீக்கோ நிறுவனம் செய்கிறது.

● குழந்தைகளின் பிளேமொபில் பொம்மைகள் 7.5 செ.மீ. உயரம். ஐந்தரை அடி ஆளை 22.5-ஆல் சுருக்கினாலும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். 1980-ல் அந்த நிறுவனம் விட்ட பொம்மை ரயிலும் 45 மி.மீ. பாதையில்தான் ஓடியது. பரணில் கிடக்கும் பழைய பிளேமொபில் பெட்டியைத் தூக்கிப் போடும் முன் யோசியுங்கள்.

தண்டவாளம் வாங்கும்போது

● எல்ஜிபி பாணித் தண்டவாளம் பித்தளை, உயரம் 8.4 மி.மீ. ஸ்லீப்பர் கட்டைகள் வெயிலில் நொறுங்காத வகைப் பிளாஸ்டிக். மலிவான தொடக்கப் பெட்டிகள் சிலவற்றில் தகடு வளைத்த இரும்புத் தண்டவாளம் இருக்கும். வீட்டுக்குள் கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்ற அது போதும். தோட்டத்தில் போட்டால் துருப்பிடித்துவிடும். தோட்டத்துக்குப் பித்தளை, எவர்சில்வர், நிக்கல் சில்வர், அலுமினியம் ஆகிய நான்கில் ஒன்று. இவற்றில் அலுமினியம் விலை குறைவு. ஆனால் தண்டவாளம் வழியே மின்சாரம் அனுப்ப ஏற்றதல்ல. பேட்டரி ரயிலுக்கும் நீராவி ரயிலுக்கும் தாராளமாகப் போடலாம்.

● எல்ஜிபியின் மிகச் சிறிய வளைவுக்கு ஆரம் 600 மி.மீ. பன்னிரண்டு துண்டுகள் சேர்ந்தால் ஒரு முழு வட்டம். இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் நீளமான பெட்டிகள் அதில் திரும்பும்போது பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நிற்கும். இடமிருந்தால் அதைவிடப் பெரிய ஆரமுள்ள வளைவை வாங்குங்கள். கண்ணுக்கும் அழகு, சக்கரத்துக்கும் தேய்மானம் குறைவு.

● பத்து மீட்டர் பித்தளைத் தண்டவாளம், வெப்பநிலை 40 டிகிரி கூடினால் சுமார் 7.6 மி.மீ. நீளும். இணைப்புகளில் இடைவெளி விடாமல் இறுக்கிவிட்டு, கான்கிரீட்டிலும் ஆணி அடித்து வைத்தால், கோடை மதியத்தில் பாதை பாம்பாக நெளிந்து நிற்கும். சரளைமேல் சும்மா கிடக்கும் பாதை அசைந்து கொடுத்துத் தப்பித்துக்கொள்ளும்.

● தண்டவாளம் கறுத்தால் இஞ்சின் தயங்கும். எல்ஜிபியில் பாதை துடைப்பதற்கென்றே ஓர் இஞ்சின் விற்கிறார்கள், விலை அதிகம். அமெரிக்க ரசிகர்கள் பெயின்டர்களிடம் யோசனை கடன் வாங்கிவிட்டார்கள். சுவர் பூச்சைத் தேய்க்கும் நீளக் கைப்பிடிப் பட்டையில் உப்புத்தாள் மாட்டி, குனியாமல் நடந்தபடியே தேய்த்துவிடுகிறார்கள். ஹார்டுவேர் கடைச் சாமான், வேலை அதே வேலை.

இஞ்சினுக்குத் தீனி

● தண்டவாளம் வழியாகச் செல்வது பொதுவாக 18 முதல் 24 வோல்ட் நேர்மின்சாரம், தொட்டால் ஆபத்தில்லை. ஆனால் அதைத் தரும் டிரான்ஸ்பார்மரில் வீட்டு மின்சாரம் இருக்கிறது. அதை வீட்டுக்குள்ளோ, நனையாத கொட்டகையிலோ வையுங்கள். அங்கிருந்து வெளியே வருவது குறைந்த மின்னழுத்த ஒயர் மட்டுமாக இருக்கட்டும்.

● தண்டவாளத்தில் மின்சாரமே வேண்டாம் என்பவர்கள் பெருகி வருகிறார்கள். லித்தியம் பேட்டரியும் ரேடியோ ரிசீவரும் இஞ்சினுக்குள்ளேயோ, அதை ஒட்டிய பெட்டியிலோ ஏறிவிடும். பாதை கறுத்தாலும் கவலை இல்லை. கைக்குள் அடங்கும் ரிமோட்டால் ஓட்டலாம்.

● நிஜ நீராவியில் ஓடும் குட்டி இஞ்சின்களும் விற்பனைக்கு உண்டு. இங்கிலாந்தின் டான்காஸ்டரில் உள்ள ரவுண்ட்ஹவுஸ், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள அக்யுகிராப்ட் இரண்டும் இதில் பேர் பெற்றவை. பெரும்பாலும் பியூட்டேன் வாயுவில் எரியும். ஸ்பிரிட்டில் எரிவதும் உண்டு. ரவுண்ட்ஹவுஸ் இஞ்சின்களின் கொதிகலன் வேலை செய்யும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு.

● நீராவி இஞ்சினுக்கு என்று கெட்டியான தனி எண்ணெய் உண்டு. சிலிண்டருக்குள் போகும் நீராவியோடு கலந்து உராய்வைக் குறைப்பது அதன் வேலை. பைக்குக்கு ஊற்றும் இஞ்சின் ஆயில் இதற்கு உதவாது. உப்பு நிறைந்த குழாய்த் தண்ணீரும் வேண்டாம்; கொதிகலனுக்குள் உப்பு படிந்துவிடும். பிரிட்டனில் பலர் மழைநீரைப் பிடித்து வடிகட்டி ஊற்றுகிறார்கள்.

மண், கல், செடி

● பாதைக்கு ஜல்லி வேண்டுமா? அமெரிக்காவில் பலர் போவது கோழித்தீவனக் கடைக்கு. கோழிகள் இரையை அரைப்பதற்காகக் கொத்தி விழுங்கும் கருங்கல் குருணை, இந்தச் சிறு ரயில்களுக்கு அளவெடுத்த ஜல்லி. முனை கூராக உடைந்த கல்லாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அப்போதுதான் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு பாதையைப் பிடிக்கும். உருண்டைக் கூழாங்கல் உருண்டோடிவிடும்.

● தோட்ட ரயிலுக்கு மிகவும் பிடித்த மரம் ‘குட்டை ஆல்பர்ட்டா ஸ்புரூஸ்’. ஆண்டுக்குச் சில செ.மீ. மட்டுமே வளரும், பத்து வருடம் ஆனாலும் மலைக்காட்டு மரத்தின் குட்டி வடிவமாகவே நிற்கும். 1904-ல் கனடாவின் லக்கான் ஏரி அருகே ஜாக், ரேடர் என்ற இரு தாவரவியலாளர்கள் இதைக் கண்டெடுத்தார்கள். அப்போது அவர்கள் ரயிலுக்குக் காத்திருந்தார்கள் என்று சொல்வது வழக்கம்! குளிர் நாட்டு மரம் என்பதால் நம் சமவெளி வெயிலுக்கு ஆகாது.

● தரையை மூடப் படரும் தைம், சீடம் போன்ற பொடி இலைச் செடிகளை வைக்கிறார்கள். இலை சிறிதாக இருந்தால்தான் ரயில் பெரிதாகத் தெரியும். நர்சரிக்குப் போகும்போது ஒரு பெட்டியையும் கையோடு எடுத்துப் போய்ச் செடிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கட்டடமும் மனிதர்களும்

● தோட்டத்துக்கான பிளாஸ்டிக் ஸ்டேஷன், சர்ச், வீடுகளுக்குப் பெயர் பெற்றது ‘போலா’. அது இப்போது ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியின் குயூட்டன்பாக் ஊரில் உள்ள பாலர் நிறுவனத்தின் கையில். பயணிகள், போர்ட்டர், கார்டு என்று மனிதர்கள் வேண்டுமானால் இன்னொரு ஜெர்மன் நிறுவனமான பிரைசர்.

● சொந்தமாகக் கட்ட நினைப்பவர்கள் விளம்பரப் பலகை செய்யும் கடையைத் தேடிப் போகிறார்கள். நாம் சன்போர்டு என்று சொல்லும் பிவிசி நுரைப்பலகை மழையில் ஊறாது, கரையான் அரிக்காது, கத்தியால் வெட்டலாம்.

● நியூயார்க் தாவரவியல் பூங்காவில் 1992 முதல் குளிர்காலந்தோறும் ரயில் கண்காட்சி நடக்கிறது. நகரின் புகழ்பெற்ற கட்டடங்களுக்கு நடுவே ரயில்கள் ஓடும். அந்தக் கட்டடங்கள் எல்லாம் மரப்பட்டை, சுள்ளி, விதை, காய், காய்ந்த இலை ஆகியவற்றால் செய்தவை. இதைத் தொடங்கியவர் பால் புஸ்ஸே என்ற நிலத்தோற்ற வடிவமைப்பாளர். அவருக்குச் சரக்கு கொடுத்தது காடு.

● சுவிட்சர்லாந்தின் லாண்ட்வாசர் பாலம் 65 மீட்டர் உயரம். அதை 22.5 விகிதத்தில் கட்டினால் 2.9 மீட்டர், வீட்டுக் கூரையைத் தொடும். அதனால் மாதிரி செய்பவர்கள் வளைவின் அழகை வைத்துக்கொண்டு உயரத்தைக் குறைத்துவிடுவார்கள். அளவு தப்பென்று யாரும் சண்டைக்கு வருவதில்லை.

● இங்கிலாந்தின் பீக்கன்ஸ்பீல்டு ஊரில் பெக்கன்ஸ்காட் என்ற குட்டிக் கிராமம் 1929-ல் திறக்கப்பட்டது. அதன் ரயில் ஒன்றாம் எண் பாதையில் இன்றும் ஓடுகிறது. பாதை போடும் முன் ஒருமுறை பார்க்க வேண்டிய இடம்.

கடைகளின் கதை

● இந்தத் தொழிலில் பெரிய பெயர்களும் சரிந்திருக்கின்றன. லேமன் 2006-ல் திவாலானது. 2007-ல் எல்ஜிபியை மேர்க்லின் வாங்கியது. அந்த மேர்க்லினே 2009-ல் திவால் மனு கொடுத்தது. 2013-ல் சிம்பா டிக்கி குழுமம் அதை எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் அரிஸ்டோ கிராப்ட் 2013-ல் கடையை மூடியது. ஆனால் இவர்கள் விற்ற ரயில்கள் இன்றும் ஓடுகின்றன. பாதை 45 மி.மீ. என்பதால் எவருடைய தண்டவாளத்திலும் ஓடும்.

● ஓடும், ஆனால் இணையாது! எல்ஜிபியின் கொக்கி வேறு, அமெரிக்கப் பெட்டிகளின் கொக்கி வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே வகைக் கொக்கி மாட்ட விரும்புபவர்கள் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள கேடீ நிறுவனத்தை நாடுகிறார்கள்.

● இந்தத் துறைக்கென்றே அமெரிக்காவில் 1984-ல் தொடங்கிய ‘கார்டன் ரயில்வேஸ்’ பத்திரிகையின் அச்சுப் பதிப்பு 2020-ல் நின்றது. பழைய இதழ்கள் இன்னும் பழம்புத்தகச் சந்தையில் கைமாறுகின்றன. பிரிட்டனில் ஒன்றாம் எண் பாதைக்காரர்களின் சங்கம் 1947 முதல் இயங்குகிறது. இத்தகைய சங்கங்களில் சேர்ந்தால் கிடைக்கும் பெரிய லாபம், உறுப்பினர்கள் விற்கும் பழைய சரக்கு.

● பழைய இஞ்சின் வாங்கும்போது பார்க்க வேண்டியவை மூன்று. சக்கரம் வழுக்காமல் சுற்றுகிறதா? உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் விரிசல் இருக்கிறதா? உதிரிப்பாகம் இப்போதும் கிடைக்கிறதா? பெயின்ட் உரிந்திருந்தால் கவலை வேண்டாம். அதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

● கடைசியாக, வாங்கும் வரிசை. பலரும் முதலில் இஞ்சினை வாங்கிவிட்டுத் தண்டவாளத்துக்குக் காசு இல்லாமல் நிற்கிறார்கள். முதலில் பாதையின் அகலத்தை முடிவு செய்யுங்கள். அடுத்து நல்ல தண்டவாளம். அதன்பின் ஒரே ஓர் இஞ்சின், இரண்டு பெட்டி. கம்பெனிப் பெயரை நம்பி வாங்காதீர்கள். அளவை நம்பி வாங்குங்கள்.