துணையொடு கடக்கும் சுரம்

நுழையும்முன்

வறண்ட நிலத்தை நடந்து கடப்பது மனிதர் மேற்கொண்ட பழைய முயற்சிகளுள் ஒன்று. அதற்கு வேண்டுவன நீர், நிழல், காலமறிதல், துணை என்னும் நான்கு. இவற்றைச் சங்கப் புலவரும் இளங்கோவடிகளும் நன்கு அறிந்திருந்தனர். இலக்கியம் காட்டும் பாலையையும் பெரம்பலூர், அரியலூர் மண்ணில் இன்றும் காணக்கிடைக்கும் வறுநிலத்தையும் இப்பாடம் ஒருங்கே விளக்குகிறது.

பாலை என்பது யாது?

தார் போன்ற பெரும்பாலைவனம் தமிழகத்தில் இல்லை. ஆயினும் சங்க அகப்பாடல்களில் பாலைத்திணைக்குப் பேரிடம் உண்டு. அகநானூற்றின் 400 பாடல்களுள் ஒற்றைப்படை எண் பெற்ற 200 பாடல்களும் பாலைக்கு உரியவை. சேர மன்னர் ஒருவர் இத்திணையைப் பாடிய சிறப்பால் 'பாலை பாடிய பெருங்கடுங்கோ' என்றே அழைக்கப்பெற்றார்.

இல்லாத நிலத்தை இத்துணைப் பாடல்கள் பாடுமா என்னும் ஐயம் எழலாம். தொல்காப்பியம் பாலையை 'நடுவுநிலைத் திணை' எனக் குறித்து, அதற்கு வேனிலையும் நண்பகலையும் பொழுதாக வகுத்தது. நிலம் எதனையும் தனியே வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் மழையின்றித் தம் இயல்பு கெடும்போது பாலை என்னும் வடிவத்தைக் கொள்ளும் எனச் சிலப்பதிகாரம் விளக்குகிறது. எனவே, பாலை என்பது ஓர் இடத்தின் பெயரன்று. நீர் இழந்த நிலத்தின் நிலை. இன்று பசுமையாய் இருக்கும் காடும் நாளை பாலையாகலாம் என்னும் எச்சரிக்கை இவ்விளக்கத்துள் அடங்கியிருக்கிறது.

உடன்போக்கு

பிரிவு பாலையின் உரிப்பொருள். பொருள் தேடிச் செல்லும் தலைவன் தனியே சுரம் கடப்பான். ஆனால், உடன்போக்குப் பாடல்களில் தலைவனும் தலைவியும் இணைந்து நடக்கின்றனர். அங்கே பிரிவுத்துயர் தாய்க்கு உரியது. மகளைத் தேடிச் செல்லும் செவிலி, எதிர்ப்படுவோரிடம் வழி வினவுகிறாள். வெயிலும் ஆறலை கள்வரும் நிறைந்த அதே வழி, இருவருக்கு அன்பின் உறுதியைக் காட்டும் களமாகிறது. தனித்தவனுக்கு அச்சம் தரும் சுரம், துணையுடையார்க்குக் கடக்கத்தக்க வழியாகிவிடுகிறது.

புகாரிலிருந்து மதுரை வரை

தமிழிலக்கியத்தின் புகழ்பெற்ற நெடுநடை, கோவலனும் கண்ணகியும் மேற்கொண்டதாகும். புகாரிலிருந்து புறப்பட்ட அவர்களுடன் கவுந்தியடிகள் என்னும் சமணத் துறவியும் சேர்ந்துகொண்டார். சிறிது தொலைவு நடந்த அளவிலேயே, மதுரை மூதூர் எங்குள்ளது எனக் கண்ணகி வினவினாள். நீண்ட வழி இன்னும் எஞ்சியிருந்தது. மூவரும் காவிரியின் வடகரை வழியே மேற்கு நோக்கி நடந்து, பின் ஆற்றைக் கடந்து உறையூரை அடைந்தனர். அதன் தெற்கே தொடங்கியது கடுவழி.

அவ்வழியைக் கடக்க அவர்கள் கையாண்ட முறைகள் கருதத்தக்கன. முன்னரே வழி அறிந்த மாங்காட்டு மறையோனிடம் கேட்டு, மூன்று நெறிகளின் இயல்பையும் அறிந்துகொண்டனர். கோவலன் பொய்கையை நாடிச் சென்று, தாமரையிலையில் நீர் முகந்து வந்து கண்ணகியின் தளர்ச்சியைத் தீர்த்தான். வெயில் ஏறியபோது ஐயை கோட்டத்தில் தங்கினர். பகலின் வெம்மையைக் கண்ணகி தாங்காள் என உணர்ந்தபின், நிலவொளியில் இரவிலே நடந்தனர். வலியவர் நடைக்கு மெலியவர் ஈடுகொடுக்கவில்லை. மெலியவருக்கு ஏற்ப நடையும் பொழுதும் மாற்றப்பட்டன.

காரை வறுநிலம்

பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்திலுள்ள காரை என்னும் ஊரையொட்டி, மரமற்ற மேடுகளும் ஆழ்ந்த ஓடைகளுமாக ஒரு நிலப்பரப்பு விரிந்து கிடக்கிறது. காண்போர் இதனைப் பாலைவனம் என்றே எண்ணுவர். ஆனால், ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழைபெறும் நிலத்தையே புவியியலார் பொதுவாகப் பாலைவனம் என்பர். பெரம்பலூர் மாவட்டமோ 800 மில்லிமீட்டருக்கு மேல் பெறுகிறது. இருந்தும் காரை வறண்டு கிடப்பது ஏன்?

விடை மண்ணில் உள்ளது. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி கடலுக்கு அடியில் இருந்தது. அக்கடலில் படிந்த நுண்களிமண்ணே இன்று மேடுகளாக நிற்கிறது. மழை பெய்ததும் களிமண் உப்பித் தன் துளைகளை அடைத்துக்கொள்ளும். உள்ளிறங்க இயலாத நீர் மேற்பரப்பில் ஓடி, மண்ணை அரித்துப் பள்ளங்களை உண்டாக்கும். விதையும் மேல்மண்ணும் அந்நீரோடு போய்விடும். வெயிலில் களிமண் சுருங்கி வெடிக்கும். பெய்யும் மழை தங்காமையே இங்குள்ள வறட்சிக்குக் காரணம். களிமண்ணுக்கு இடையே ஜிப்சத் தகடுகள் ஒளிர்கின்றன. சுருள் ஓடுடைய அம்மோனைட்டு முதலிய கடலுயிர்களின் புதைபடிவங்களும் காணப்படுகின்றன.

தெரிந்து தெளிவோம்

ஆலத்தூர் வட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கல்மரம் உள்ளது. இதனை 1940இல் புவியியலறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் உலகுக்கு அறிவித்தார். இது தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் அமைந்துள்ளது.

துணை எதற்கு?

மனித உடலின் இயல்பான வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். கடும்வெயிலில் நடக்கும்போது வியர்வை ஆவியாகி உடலைக் குளிர்விக்கிறது. இவ்வாறு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் நீரும் வெளியேறக்கூடும். இழந்த நீரை ஈடுசெய்யாது தொடர்ந்து நடந்தால் தலைவலி, தள்ளாட்டம், குமட்டல் ஆகியன தோன்றும். உடல்வெப்பம் 40 டிகிரியை எட்டும்போது வெப்பத்தாக்கு ஏற்பட்டு அறிவு தடுமாறும். தன் அறிவு தடுமாறுவதைத் தானே உணர இயலாமை இந்நோயின் பெருங்கேடு. தளர்ந்தவர் 'எனக்கு ஒன்றுமில்லை' என்றே கூறுவார். பேச்சுக் குழறுவதையும் நடை தடுமாறுவதையும் உடன்வருபவரே முதலில் காண்பார். அவர் உடனே தளர்ந்தவரை நிழலில் கிடத்தி, உடலை நீரால் நனைத்து, விசிறி, மருத்துவ உதவிக்கு ஆளனுப்ப வேண்டும். நினைவு தெளிவாக உள்ளபோது மட்டுமே பருக நீர் தரலாம். வறுநிலத்தில் துணை என்பது பேச்சுக்கு உதவும் இன்பம் மட்டுமன்று. உயிர்காக்கும் இரண்டாம் அறிவு.

காரையைக் காண விரும்புவோர் விடியற்காலையில் சென்று வெயில் ஏறுமுன் திரும்புதல் நன்று. மழைக்காலத்தில் களிமண் வழுக்கும். புதைபடிவங்களைக் கண்டு மகிழலாம், எடுத்துச் செல்லலாகாது. தான் கிடந்த இடத்திலிருந்து பெயர்க்கப்பட்ட படிவம், தன் காலத்தைச் சொல்லும் திறனை இழந்துவிடும்.

தணிந்த சினம்

பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூரில் மதுரகாளியம்மன் கோயில் உள்ளது. மதுரையை எரித்த கண்ணகி இவ்வூரில் சினம் தணிந்து அமர்ந்தாள் என்பது மக்கள் வழக்கு. துணையோடு சுரம் கடந்தவள், துணையை இழந்தபின் தனியே நடந்து வந்ததாக இம்மண் நம்புகிறது. வந்தவளுக்கு இடம் கொடுத்ததாகவும் நம்புகிறது. நிலம் எத்துணை வறண்டதாயினும், தளர்ந்து வருபவர்க்கு நீரும் நிழலும் தருவோர் உள்ள வரை அது கடக்கத்தக்க நிலமே.