39ஆவது கோப்பி

கடதாசிக் கப் வெறும் கடதாசியாக இருந்தால், வெள்ளவத்தையில் வாங்கிய கோப்பி காலி வீதியைக் கடப்பதற்குள் சட்டையில் ஒழுகியிருக்கும். ஒழுகாமல் காப்பது உட்புறத்தில் பிடித்திருக்கும் மெல்லிய பொலித்தீன் படலம். கப்பின் எடையில் அது ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். கப்பின் பக்கப் பொருத்தை ஒட்டி வைப்பதும் அதுவே. தனியாகப் பசை பூசுவதில்லை. சூடாக்கி அழுத்தினால் பொலித்தீன் உருகிப் பற்றிக்கொள்கிறது.

அந்தப் பிடிதான் பின்னர் வினையாகிறது. பழைய கடதாசியை ஊறவைத்துக் கூழாக்கும் சாதாரண ஆலையில் படலம் இலகுவில் பிரியாது. மண்ணில் கிடந்தால் கடதாசி மக்கும், படலம் மிஞ்சும். கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் இத்தகைய கப்பில் 85 முதல் 90 பாகை செல்சியஸ் சூடுள்ள நீரை 15 நிமிடம் வைத்துப் பார்த்து, 100 மில்லிலீற்றரில் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலந்ததாக அறிவித்தார்கள். அவை உடலுக்குள் போய் என்ன செய்யும் என்பது வேறு கேள்வி. இந்த எண்ணைக் காட்டிப் பயமுறுத்துவோர் அதைச் சொல்வதில்லை.

இந்தக் கப் பிறந்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ரயில்களிலும் பாடசாலைகளிலும் தண்ணீர்த் தொட்டியருகே ஒரே குவளை தொங்கும். காசநோய்க்காரரும் சிறுபிள்ளையும் அதிலேயே குடிப்பார்கள். 1907இல் பொஸ்டனில் லோரன்ஸ் லூயெலன் கடதாசிக் குவளையை உருவாக்கினார். 1909இல் கன்சாஸ் மாநிலம் பொதுக் குவளையையே தடைசெய்தது. ஒரே வாளித் தண்ணீரில் கிளாஸ்களை முக்கி எடுக்கும் தேநீர்க் கடையைக் கண்டு முகம் சுளிப்பவருக்கு இந்தக் காரணம் இன்றும் விளங்கும். அவருக்கு ஏற்றது சொந்த மக்.

கையில் கொண்டுபோகும் எவர்சில்வர் மக் உண்மையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பாத்திரங்கள். இரண்டும் தொடுவது வாய்ப்பகுதியில் மட்டும். நடுவிலுள்ள காற்றை உறிஞ்சி எடுத்து அடைத்துவிடுகிறார்கள். காற்று இல்லாத இடத்தில் கடத்தலும் மேற்காவுகையும் நடக்காது. மிஞ்சுவது கதிர்வீச்சு, பளபளப்பான உலோகப் பரப்பு அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே சூடு தப்ப முக்கிய வழி மூடிதான். எத்தனை மணிநேரம் சூடு நிற்கும் என்று விளம்பரம் சொன்னாலும், வாங்குமுன் மூடியைத் திருகிப் பாருங்கள்.

1892இல் ஜேம்ஸ் டூவர் லண்டனில் திரவ வாயுக்கள் கொதித்துப் போகாமல் வைத்திருக்கச் செய்த கண்ணாடிக் குடுவையின் வாரிசு இது. அவர் காப்புரிமை எடுக்கவில்லை. ஜேர்மனியில் அதையே தேர்மோஸ் என்ற பெயரில் விற்றார்கள். வழக்காடியும் அவருக்குப் பலன் கிடைக்கவில்லை.

மக் வாங்கிவிட்டால் சுற்றாடல் தப்பிவிடுமா? பீங்கானுக்கு மண்ணைச் சுடவும் எவர்சில்வருக்கு உருக்கை உருக்கவும் சக்தி செலவாகிறது. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பேராசிரியராக இருந்த மார்ட்டின் ஹொக்கிங் 1994இல் இதைக் கணக்குப் பார்த்தார். பீங்கான் கோப்பை ஒன்றைச் செய்ய ஏறத்தாழ 14 மெகாயூல். கடதாசிக் கப்புக்கு 0.55, பீங்கானை இயந்திரத்தில் சுடுநீரால் ஒருமுறை கழுவ 0.18. இதன்படி பீங்கான் கோப்பை 39 தடவை பயன்பட்ட பிறகே கடதாசியை வெல்கிறது. கண்ணாடிக்கு 15 தடவை போதும். எவர்சில்வரை அவர் சேர்க்கவில்லை.

கொழும்பில் யார் கோப்பையைச் சுடுநீரில் கழுவுகிறார்கள்? குழாயைத் திறந்து, சவர்க்காரம் தொட்டு, ஒரு தேய்ப்பு. கழுவும் சக்தியைக் கிட்டத்தட்டப் பூச்சியம் என்று வைத்தால் 39 என்பது 25 அல்லது 26 ஆகக் குறைகிறது. நாளுக்கு ஒரு கோப்பி என்றால் ஒரு மாதத்துக்குள் கடன் தீர்ந்தது. ஆனால் பரிசாக வந்து அலுமாரியில் தூங்கும் நாலைந்து மக்குகள் எந்தக் கடனையும் தீர்ப்பதில்லை.

ஹொக்கிங்கின் கணக்கில் இன்னொரு விசித்திரம். ரெஜிபோம் கப்போடு ஒப்பிட்டால் பீங்கான் வெல்வதற்கு 1,006 தடவை வேண்டும். சக்தியை மட்டும் பார்த்தால் ரெஜிபோமே கெட்டிக்காரன்! அந்தக் கணக்கில் குப்பைமேடு இல்லை. கொட்டாஞ்சேனைக்காரருக்கு அதை விளக்கத் தேவையில்லை: புளூமெண்டல் வீதிக் குப்பைமேட்டின் நாற்றத்தோடு வாழ்ந்தவர்கள். அங்கே 2009இல் கொட்டுவது நின்றபோது கொழும்பின் குப்பை மீதொட்டமுல்லைக்குப் போனது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லை மேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு செப்டெம்பரில் ரெஜிபோம் உணவுப் பெட்டிக்கும் லஞ்ச் சீற்றுக்கும் தடை வந்தது. 2023 ஒக்டோபர் 1 முதல் பிளாஸ்டிக் கரண்டி, உறிஞ்சுகுழாய், இடியப்பத் தட்டு எல்லாம் பட்டியலில் சேர்ந்தன. தமிழ்நாடு பிளாஸ்டிக் பூசிய கடதாசிக் கப்பையே 2019 முதல் தடைசெய்திருக்கிறது. கொழும்புக் கடைகளில் அது இன்னும் தாராளம்.

மக்கைப் பராமரிப்பது பெரிய வேலையில்லை. மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவ வேண்டும். பழைய பாலின் வாடை அங்கேதான் ஒளிந்திருக்கும். போகாவிட்டால் சுடுநீரில் அப்பச்சோடா கரைத்து இரவு முழுக்க ஊறவையுங்கள். பாலூற்றிய தேநீரை மக்கில் நாள் முழுக்க வைக்காதீர்கள். இளஞ்சூட்டுக்கு இறங்கியதும் அதில் பக்டீரியா பெருகும். பிளேன்டீக்கு அந்த ஆபத்துக் குறைவு.

கடையில் ஒன்றைக் கவனியுங்கள். அளவு தெரியவேண்டும் என்று சிலர் முதலில் கடதாசிக் கப்பில் நிரப்பி, அதை உங்கள் மக்கில் கவிழ்த்து, கப்பைக் குப்பையில் போடுவார்கள். இயந்திரத்தின் பொத்தானை அமுக்குமுன் மக்கை நீட்டி, எவ்வளவு வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.